பறவையின் காலில் கட்டிய சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகர்ப்புற இயற்கையைப் பற்றிய ஓர் அருங்காட்சியகக் கண்காட்சியைச் சென்ற மாதம் பார்த்தேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் உள்ளே இருந்தேன். ஒரு கண்ணாடிப் பேழையில் சிறிய பழுப்புநிறப் பறவைகள் அறுபது, எழுபது இருக்கும். எல்லாவற்றையும் மல்லாக்கக் கிடத்தி, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்கள். எழுத்து மிகப் பொடியாக இருந்ததால் படிக்க முடியவில்லை. வெளியேறும் வழியில் ஒரு பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. நானும் உடன் வந்தவர்களும் அதைப் படிக்காமலே கடந்துவிட்டோம். வீடு திரும்பிய பிறகு அது மனத்தை உறுத்தியது.

இரண்டு கேள்விகள். ஒரு நூலுக்கு ஆசிரியர் இருப்பதுபோல் ஒரு கண்காட்சிக்கு இவர்தான் ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்ல முடியுமா? இரண்டாவது, தொலைதூரக் காட்டு விலங்கை நகரத்தாருக்குக் காட்டுவதில் பொருள் உண்டு. சன்னலைத் திறந்தால் கண்ணில் படும் குருவியையும் ஈயையும் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதற்கு இத்தனை பேர் உழைக்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், காப்பாட்சியரே கண்காட்சியின் ஆசிரியர் என்பது. எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்பவர் அவர் என்பதால் அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் நகர்ப்புற இயற்கையைப் பொறுத்தவரை அது போதாது என்பது என் எண்ணம். நீங்கள் படிக்க முடியாமல் விட்டுவந்த அந்தச் சீட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை அதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து, பறவையைப் பாடம் செய்வதைப் பார்த்தேன். உறைபெட்டியிலிருந்து முந்தைய நாளே எடுத்து வைத்திருந்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை. பாடம் செய்பவர் முதலில் கத்தியை எடுக்கவில்லை. அளவுகோலையும் சிறிய தராசையும் எடுத்தார். இறக்கையின் நீளம், அலகின் நீளம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு, வயிற்றின் நடுவில் இறகுகளை ஊதி விலக்கி, ஒரு விரலளவுக்குக் கீறினார். ஈரம் இறகில் படாமலிருக்க மாவைத் தூவிக்கொண்டே, கையுறையைக் கழற்றுவதுபோல் தோலை உரித்தார். உடலுக்குள் பார்த்து ஆணா பெண்ணா என்று எழுதினார். இரைப்பையில் இருந்ததையும், தசையில் ஒரு துணுக்கையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு எண்ணிட்டார். மெல்லிய குச்சியில் சுற்றிய பஞ்சு உடலின் இடத்தைப் பிடித்தது. நான்கைந்து தையலில் வயிறு மூடியது. கால்களைக் குறுக்காக வைத்துக் கட்டி, அந்தக் கட்டிலேயே சீட்டையும் கட்டினார். இனம், பால், கிடைத்த இடம், நாள், உடலில் இருந்த கொழுப்பின் அளவு, கடைசி வரியில் எடுத்து வந்தவரின் பெயர். தோலை இரண்டாம் முறை உரிக்கலாம், பஞ்சை மாற்றலாம். சீட்டுத் தொலைந்தால் பறவையைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். எங்கே, எப்போது கிடைத்தது என்று தெரியாத பறவை, அறிவியலுக்கு வெறும் இறகுப் பொம்மை.

அந்தக் கடைசி வரியில் உள்ள பெயர்தான் நான் பேச விரும்புவது. சிகாகோ நகரின் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற பெரிய மாநாட்டு மாளிகை இருக்கிறது. இரவில் வலசை போகும் பறவைகள் அதன் விளக்கொளியால் ஈர்க்கப்பட்டுத் தாழ்ந்து பறந்து, கண்ணாடியைக் கண்ணாடி என்று அறியாமல் மோதிச் செத்து விழும். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஃபீல்டு அருங்காட்சியகம் உள்ளது. அங்கே பறவைத் தொகுப்பின் மேலாளராக இருந்த டேவிட் வில்லார்டு, 1978-ல் இதைக் கேள்விப்பட்டு ஒரு காலையில் போய்ப் பார்த்தார். செத்துக் கிடந்த சில பறவைகளை எடுத்து வந்தார். மறுபடியும் போனார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசை நடக்கும் நாட்களில், விடியும் நேரத்தில், வேலைக்கு முன்பாக, அவரும் பிறகு சேர்ந்துகொண்ட சக ஊழியர்களும் தன்னார்வலர்களும் கட்டடத்தைச் சுற்றி வந்து விழுந்தவற்றைப் பொறுக்கினார்கள். இது எந்த ஆராய்ச்சித் திட்டத்தின் பகுதியாகவும் தொடங்கப்படவில்லை. செத்துவிட்ட பறவை குப்பைக்குப் போகக் கூடாது என்ற எண்ணம் மட்டுமே அந்த முதல் காலையில் இருந்தது.

நாற்பது ஆண்டுகள் அது தொடர்ந்தது. ஒவ்வொரு பறவையையும் வில்லார்டு தம் கையாலேயே அளந்து, பேரேடுகளில் எழுதினார். 1978 முதல் 2016 வரை 52 இனங்களைச் சேர்ந்த 70,716 பறவைகளின் அளவுகள். அளந்தவர் ஒருவரே என்பதால் கைக்குக் கை ஏற்படும் வேறுபாடு அந்த எண்களில் இல்லை. 2019-ல் ஆய்வாளர்கள் அந்த எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, காலின் கீழெலும்பு சராசரியாக 2.4 சதவீதம் குறுகியிருந்ததும், இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருந்ததும் தெரியவந்தன. கோடை வெப்பம் கூடக்கூடப் பறவைகளின் உடல் சிறுத்து வந்திருக்கிறது என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிவு. எந்த ஒரு பறவையைக் கையில் வைத்துப் பார்த்தாலும் இது புலப்படாது; எழுபதாயிரம் சீட்டுகள் சேர்ந்தபோதுதான் புலப்பட்டது.

அதே கட்டடத்தில் 2023 அக்டோபர் 5-ஆம் நாள், ஒரே காலையில் ஏறத்தாழ 1,000 பறவைகள் விழுந்தன. அன்று அவற்றைப் பொறுக்கி எண்ணியவர்களும் இதே ஆட்கள்தான். அந்தச் செய்தி உலகெங்கும் போயிற்று. மறு ஆண்டு கோடையில் கட்டடத்தின் கண்ணாடிகளில் நெருக்கமான புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டது. அதற்கடுத்த இலையுதிர் கால வலசையில் மோதல்கள் 95 சதவீத அளவுக்குக் குறைந்தன. ஆண்டாண்டு காலமாக ஒருவர் எண்ணி வைத்திராவிட்டால், எவ்வளவு குறைந்தது என்று சொல்வதற்கு ஒப்பிட ஏதும் இருந்திருக்காது. நீங்கள் பேழையில் பார்த்த பறவைகளும் இப்படி ஏதோ ஒரு நகரத்துக் கண்ணாடியில் மோதியவையாக இருக்கக்கூடும். அவற்றை அங்கே கிடத்தியவர் காப்பாட்சியர். ஆனால் ஒரு விடியலில், பனியில், கையில் பையுடன் குனிந்தவர் வேறொருவர். கண்காட்சிக்கு ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் நான் அந்தக் குனிந்தவரைச் சொல்வேன்.

சேகரித்தவர் நினைத்தே பார்க்காத ஒன்றை, பின்னால் வருபவர் அதே சீட்டிலிருந்து எடுப்பதும் உண்டு. ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் என்ற இருவர், அமெரிக்கத் தொழிற்சாலை மண்டலத்தில் 135 ஆண்டுகளில் சேகரிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அருங்காட்சியக இழுப்பறைகளிலிருந்து எடுத்துப் புகைப்படம் பிடித்தார்கள். முதலாமவர் பறவை ஆய்வாளர். இரண்டாமவர் புகைப்பட வரலாறு படித்தவர். வெளிர்நிற வயிறு கொண்ட ஐந்து இனங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடிபட்டவை கரிபடிந்து கறுத்திருந்தன. அண்மைக் காலத்தவை வெளுத்திருந்தன. இந்தப் பறவைகள் ஆண்டுதோறும் இறகுகளைப் புதுப்பிக்கும் என்பதால், ஒவ்வொன்றின் மேலும் இருந்த கரி அந்தந்த ஆண்டின் காற்றிலிருந்து வந்தது. அன்றைய காற்றில் இருந்த கரியின் அளவு முந்தைய மதிப்பீடுகளைவிடக் கூடுதல் என்று 2017-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்தப் பறவையின் காலில் நாளும் இடமும் எழுதிக் கட்டியவர், காற்றின் அழுக்கை அளந்துகொண்டிருக்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார். எழுத்தைத் தெளிவாக எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சன்னலுக்கு வெளியே தெரிவதை ஏன் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும் என்கிறீர்கள். சன்னலுக்கு வெளியே இருப்பது நமக்குத் தெரிந்தது என்று நாம் நம்புவதுதான் இதில் சிக்கல். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் பிரையன் பிரௌன், ஈக்களில் வல்லவர். நகரத்து வீடு ஒன்றின் பின்புறத்திலேயே அறிவியலுக்குப் புதிய ஓர் இனத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவதாக அருங்காட்சியக அறங்காவலர் ஒருவரிடம் சொல்லி, அவருடைய தோட்டத்திலேயே பொறி வைத்து, சொன்னபடி கண்டுபிடித்தார். அதிலிருந்து வளர்ந்த திட்டத்தில் நகரத்தின் முப்பது இடங்களில், பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில், கூடாரம் போன்ற வலைப்பொறிகள் நிறுத்தப்பட்டன. மூன்று மாதச் சேகரிப்பிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு ஈக்களை எமிலி ஹார்ட்டாப் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தார். 2015-ல் 30 புதிய இனங்கள் அறிவிக்கப்பட்டன. எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்த ஈக்கள்.

இதில் என்னை நெகிழவைப்பது எண்ணிக்கையைவிடப் பெயர் சூட்டிய முறை. பொறிக்குத் தம் தோட்டத்தில் இடம் கொடுத்த குடும்பங்களின் பெயர்களையே அந்த ஈக்களுக்கு வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஓர் அந்நியர் மாதக்கணக்கில் தங்கள் வேலிக்குள் வந்து போவதையும், புல்வெளியின் நடுவில் ஒரு வெள்ளைக் கூடாரம் நிற்பதையும் பொறுத்துக்கொள்பவர் இல்லாமல் நகரத்து இயற்கையைப் பற்றி யாரும் எதையும் அறிய முடியாது. காட்டில் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி ஒன்று இருந்தால் போதும். நகரத்தில் ஒவ்வொரு கதவையும் தட்டவேண்டும். நகரத்து நிலம் ஆயிரம் பேருக்குச் சொந்தம். ஆகவே நகரத்து இயற்கையைப் பற்றிய கண்காட்சிக்கு, வேறு எந்த இயற்கைக் கண்காட்சியையும்விட அதிகம் பேர் தேவைப்படுகிறார்கள். நீங்கள் பலகையில் கண்ட நூறு பெயர்களுக்குக் காரணம் அது.

சில நேரங்களில் அந்தப் பெயர் ஒரு சிறுவனுடையது. 2007-ல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சொந்தத் தோட்டத்தில், அங்கே பணிபுரிந்த பூச்சியியலாளர் ஒருவரின் ஐந்து வயது மகன், சிவப்பும் கறுப்புமான ஒரு பூச்சியைக் காட்டி இது என்ன என்று கேட்டான். தந்தையால் சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்த 2 கோடியே 80 லட்சம் பூச்சி மாதிரிகளில் எதனுடனும் அது அப்படியே ஒத்துப்போகவில்லை. அவ்வளவு பெரிய தொகுப்பின் வாசற்படியிலேயே, அங்கிருந்த மரங்களில் அது ஏற்கெனவே பெருகிக்கொண்டிருந்தது.

வேறு சில நேரங்களில் அந்தப் பெயர் ஒரு நோயாளியுடையது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் மருத்துவமனைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், முற்றத்து மரத்தில் விசித்திரமான ஒரு கூடு இருப்பதைக் கவனித்தார். மேக்பை என்ற காக்கைக் குடும்பப் பறவை, புறாக்கள் உட்காராமலிருக்கக் கூரை விளிம்பில் பொருத்தப்பட்ட உலோக முட்களைப் பிடுங்கி வந்து, முனைகள் வெளிப்புறம் நோக்கி நிற்கும்படி தன் கூட்டுக்குக் கூரை வேய்ந்திருந்தது. ஏறத்தாழ 1,500 முட்கள். பறவைகளைத் துரத்த மனிதர் வைத்ததைக் கொண்டே அந்தப் பறவை தன் குஞ்சுகளைக் காத்தது. நெதர்லாந்தின் நேச்சுரலிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அவுக்கே-ஃப்ளோரியான் ஹீம்ஸ்ட்ரா இதை ஆராய்ந்து, சக ஆய்வாளர்களுடன் 2023-ல் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஒன்றில் நாமக்கோழிகள் கட்டிய கூட்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தவரும் இவர்தான். செடிகொடிகளால் கட்டிய கூடு ஆண்டுக்குள் மக்கிப்போகும். நெகிழியால் கட்டியது மக்குவதில்லை என்பதால் பறவைகள் பழைய கூட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் கட்டியிருந்தன. மேலடுக்கில் கொரோனா காலத்து முகக்கவசங்கள். அடியில் 1994 உலகக் கோப்பைக் கால்பந்தின் விளம்பரம் அச்சிட்ட மிட்டாய் உறை. தொல்லியலாளர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் அவர் கூட்டைப் படித்திருக்கிறார். சன்னலைத் திறந்தால் இது தெரியாது, நண்பரே. ஒருவர் குளிர்நீரில் இறங்கிக் கூட்டைத் தூக்கிவந்து, மேசையில் வைத்து, முப்பதாண்டுக் குப்பையைச் சாமணத்தால் பிரித்தால்தான் தெரியும். அதற்குத்தான் கண்ணாடிப் பேழை.

காப்பாட்சியரின் பங்கைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எது கண்காட்சிக்குரியது என்பதைப் பிறருக்கு முன்பே உணர்வது தனித் திறமை. 2005 நவம்பரில் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, ஒன்று சாய்ந்தால் அடுத்ததையும் சாய்க்கும்படி அடுக்கி வைத்திருந்த டாமினோ கட்டைகளுக்குள் ஒரு சிட்டுக்குருவி புகுந்து 23,000 கட்டைகளைச் சாய்த்துவிட்டது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. வீட்டுச் சிட்டுக்குருவி அந்நாட்டின் அருகிவரும் பறவைகள் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. ரோட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கீஸ் முலிக்கர் அந்தக் குருவியின் உடலைக் கேட்டுப் பெற்று, பாடம் செய்து, டாமினோ பெட்டியின் மேல் நிறுத்தி, சிட்டுக்குருவியைப் பற்றிய கண்காட்சியில் வைத்தார். நகரத்தில் வாழும் உயிருக்கும் மனிதருக்கும் உள்ள உறவை அந்த ஒரு குருவி சொல்வதுபோல் நூறு விளக்கப் பலகைகள் சொல்லா. செய்தித்தாளில் அதைப் படித்த ஆயிரக்கணக்கானோரில் அது அருங்காட்சியகத்துக்குரியது என்று எண்ணியவர் அவர்.

அரங்குக்குள் வேலை செய்பவர்களைப் பற்றியும் நிறையச் சொல்லலாம்; இருவரை மட்டும் சொல்கிறேன். விளக்கப் பலகை எழுதுபவர் ஒருவர். நின்றுகொண்டு படிப்பவர் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார் என்பதால் அவருக்குக் கிடைப்பது ஐம்பது, அறுபது சொற்கள். எழுபதாயிரம் பறவைகளையும் நாற்பது ஆண்டுகளையும் அதற்குள் அடக்கவேண்டும். ஆய்வாளர் பிழையென்று சொல்லக் கூடாது, பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியவேண்டும். எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிடக் கடினமான உரைநடை எனக்குத் தெரிந்து இல்லை.

மற்றவர் பூச்சிகளைக் கண்காணிப்பவர். அருங்காட்சியக வண்டு என்றே ஒன்று உண்டு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1761-லேயே அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அதன் புழுக்கள் இறகையும் மயிரையும் உலர்ந்த தோலையும் தின்னும். கவனிக்காமல் விட்டால் ஒரு பேழைப் பறவைகள் தூளாகிவிடும். ஆகவே ஒருவர் வாரந்தோறும் மூலைமுடுக்குகளில் பசைப்பொறி வைத்து, விழுந்தவற்றை எண்ணி, ஐயத்துக்குரிய மாதிரிகளை உறைபெட்டியில் இட்டு வைக்கிறார். நான் போயிருந்த அருங்காட்சியகத்தில், இதே வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனத்தைத் தனி அறையில், இரண்டு கதவுகளுக்கு அப்பால் வளர்த்து வந்தார்கள்; எலும்பில் ஒட்டியுள்ள தசையைக் கத்தியாலும் எடுக்க முடியாத அளவுக்குச் சுத்தமாகத் தின்று தருவதற்காக. ஓர் அறையில் தீனி போட்டு வளர்ப்பவரும் மறு அறையில் பொறி வைத்துப் பிடிப்பவரும் ஒரே பெண்மணி. நகரத்துக் கட்டடத்துக்குள் தானாகக் குடிவந்து மனிதரோடு வாழப் பழகிய உயிர் என்றால், அந்த வண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை என்று அவர் சொன்னார். ஆனால் கண்காட்சியில் அதற்கு இடம் தரப்படவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. எனக்கும் உண்டு.

பெயர்ப் பலகையைப் படிக்காமல் வந்ததற்காக நீங்கள் வருந்தவேண்டியதில்லை. கால் வலிக்க நடந்து முடித்தவர் வாசலருகே நூறு பெயர்களைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. பெயரை வைக்கவேண்டிய இடம் அதுவல்ல என்பதே என் கருத்து. கூட்டைக் கண்டவர் நோயாளி என்றால், கூட்டின் பக்கத்திலேயே, இனத்தின் பெயருக்கு அடுத்த வரியில், சன்னலோரத்தில் இருந்த ஒரு நோயாளி கண்டது என்று எழுதவேண்டும். அவர் விரும்பினால் பெயரையும் போடவேண்டும். ஈக்களுக்குப் பெயர் வைத்தவர்கள் செய்தது அதைத்தான். அதற்கு ஐம்பது சொற்களில் ஐந்தாறு குறையும், குறையட்டும்.

மீண்டும் அந்தக் கண்காட்சிக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் ஒன்று செய்யுங்கள். இறகின் நிறம் மங்காமலிருக்கப் பேழையில் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்தே வைப்பார்கள். நீங்கள் சீட்டைப் படிக்க முடியாததற்கு எழுத்தின் சிறுமையோடு அதுவும் காரணமாக இருந்திருக்கும். கண் அந்த மங்கலுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அங்கேயே நில்லுங்கள். முடியவில்லையென்றால் அரங்கில் நிற்கும் காவலரைக் கேளுங்கள்; நாள் முழுவதும் அந்தப் பேழையோடு நிற்பவர் அவர், எந்தச் சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரியைப் படித்துவிட்டு, அங்கே யாருடைய பெயர் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்